பத்தாம் நம்பர் ஸ்பேனர்

“போன வாரம் ஹாரன் ஒயர். இந்த வாரம் ஸ்டார்ட்டே ஆகல. இந்தக் கிழட்டு லாரியை இன்னிக்கே தலைமுழுகிடு. வாங்குறவர் சாயங்காலம் வர்றார்” என்றார் அண்ணன்.

தங்கை ஒர்க்‌ஷாப் வாசலில் நின்ற லாரியின் கதவைத் தடவிக்கொடுத்தாள். அவளேதான் அதன் டிரைவர், அவளேதான் முதலாளி. காற்றுப் பிடிக்க நிறுத்தினாளாம். அப்புறம் வண்டி கிளம்ப மறுத்துவிட்டது. சேதி கேட்டதும் அண்ணன், போனில் புது லாரியின் படத்தோடு ஓடி வந்துவிட்டார்.

“இதைப் பாரு. கேமரா, ஏசி, கம்ப்யூட்டர். எங்க என்ன கோளாறுன்னு அதுவே சொல்லிடும்.”

“அதுதாண்ணே எனக்குப் பயமே. ஒரு விளக்கு எரிஞ்சாலும் கம்பெனிக்காரங்க வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். இதுல மூடியைத் திறந்தா எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கு. நான் தனி மரமா நின்னப்ப எனக்குச் சோறு போட்டது இது. ஒரு தடவைகூட என்னை நடுரோட்டுல விட்டதில்ல.”

“ஆமா, நின்னா இந்த ஒர்க்‌ஷாப் வாசல்லதான் நிக்குது. ரொம்ப விவரமான லாரி.”

“அதுக்கே நான் இதைக் கையெடுத்துக் கும்பிடணும்ணே.”

“கும்பிட்டது போதும். புதுசு வாங்கினா மூணு வருஷம் கம்பெனியே பார்த்துக்கும். நீ இந்தப் பக்கமே வர வேண்டாம்.”

அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

கையைத் துடைத்துக்கொண்டே மெக்கானிக் வந்தார். நாற்பது நெருங்கியும் கல்யாணப் பேச்சை எடுத்தால் நழுவிவிடும் மனிதர். தெருவே அவரை ‘அண்ணே’ என்று கூப்பிடும். இவள் மட்டும் ‘மாஸ்டர்’ என்பாள்.

“என் பத்தாம் நம்பர் ஸ்பேனர் எங்கதான் போச்சோ, ஒரு மாசமா தேடுறேன்” என்று முனகியபடி பேட்டரிப் பெட்டியைத் திறந்தார்.

“நீங்களே சொல்லுங்க. வச்சுக்கலாமா, வித்துடலாமா? நீங்க சொல்றதுதான் முடிவு” என்றார் அண்ணன், மெக்கானிக்கிடம்.

மெக்கானிக் பேட்டரியையே வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. இவங்க கையில இன்னும் பத்து வருஷம் ஓடும். விக்காதீங்க.”

அண்ணனுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் சொன்ன சொல் தவறாதவர். வாங்குபவரை வர வேண்டாம் என்று சொல்வதற்காகப் போனோடு தெருப்பக்கம் நடந்தார்.

அவள் கண்கள் கலங்கிவிட்டன. “ரொம்ப நன்றி மாஸ்டர். இந்த உதவியை உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்.”

“நன்றியை லாரிக்குச் சொல்லுங்க. நானும் அதுக்குத்தான் சொல்லணும். புது வண்டியா இருந்தா, கம்ப்யூட்டர் இந்நேரம் உங்க அண்ணன்கிட்ட போட்டுக் குடுத்திருக்கும்.” மெக்கானிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கையை நீட்டினார். “பேட்டரி நட்டை முடுக்கணும், அதைக் குடுங்க. அடுத்த வாரம் எதையும் கழட்டாமலே வாங்க.”

அவள் தரையைப் பார்த்தபடி கைப்பையைத் திறந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து நீட்டினாள்.