வெதுவெதுன்னுதான் இருக்கு

ஒரு ஃப்ரிட்ஜுக்குள் பனியை உருக்கும் ஹீட்டர் ஒன்று இருந்தது. பக்கத்திலிருந்து குளிரை அளக்கும் சென்சார் சொன்னால்தான் அது சூடாகலாம்.

"தம்பி, பனி கழுத்துவரைக்கும் ஏறிடுச்சே!" என்றது ஹீட்டர்.

"பனியா? இங்கே வெதுவெதுன்னு இருக்குண்ணே," என்றது பனிக்குள் புதைந்து கிடந்த சென்சார்.

ஹீட்டருக்கு ஒரே குழப்பம். அளக்கிறவன் அவன், நமக்குத்தான் கண் சரியில்லையோ என்று சூடாகாமலே இருந்தது. குளிர்காற்று இறங்க வழியில்லாமல் கீழ்த்தட்டில் பால் திரிந்தது.

மெக்கானிக் வந்தார். பனிக்கட்டியைப் பார்த்ததுமே, "ஹீட்டர் போயிடுச்சும்மா," என்றார் வீட்டுக்காரம்மாவிடம். பனியைக் கரைத்து, ஹீட்டரைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுப் புதுசை மாட்டினார்.

"அண்ணே, நான் எப்போ சூடாகணும்?" என்று புது ஹீட்டர் கேட்டது.

"அவசரமே இல்லப்பா. இங்கே எப்பவும் வெதுவெதுன்னுதான் இருக்கும்," என்றது சென்சார்.

பைக்குள் கிடந்த பழைய ஹீட்டரின் காதில் அது விழுந்தது. 'அப்போ எனக்குத்தான் கண் சரியில்லை' என்று நினைத்துக்கொண்டது.