உடம்பு கிடைக்கணும்

தயாரிப்பாளரின் கார் காசிமேடு துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, நாயகன் மீன் ஏலக்கூடத்தின் ஈரத் தரையில் செத்துக் கிடக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் ஹென்றி காரைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். வெயில் ராயபுரத்துக் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் படம் பிடிக்க இன்றைக்கு மட்டும்தான் அனுமதி.

"சீக்கிரம்" என்றார்.

யாரும் அசையவில்லை. எல்லோரும் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் இரண்டு பாகங்களும் ஓடிய ஓட்டத்தில், டாமினிக் என்ற நாயகனின் பெயர் ஆட்டோக்களின் முதுகில் ஏறிவிட்டது. மூன்றாம் பாகத்தில் டாமினிக் சாகிறான். அதில் சண்டை இல்லை. எப்படிச் சாகிறான் என்பதில்தான் சண்டை.

தயாரிப்பாளர் இசக்கிப்பாண்டிக்கு அவன் குண்டடி பட்டுக் கடலில் விழவேண்டும். உடம்பு கிடைக்கக் கூடாது. உடம்பு கிடைக்காதவன் அடுத்த பாகத்தில் எழுந்து வருவான் என்று தியேட்டருக்கு வருகிற குழந்தைக்கும் தெரியும். நான்காம் பாகத்தை அவர் ஏற்கெனவே விற்றுவிட்டார்.

ஹென்றிக்கு உடம்பு வேண்டும். முகம் வேண்டும். கண்ணை மூடிவிடுகிற ஒரு கை வேண்டும்.

கடலில் விழுகிற காட்சிக்காகப் படகும் சண்டைப் பயிற்சியாளரும் காலையிலிருந்து காத்திருந்தார்கள். ஹென்றி அவர்களைக் கூப்பிடவே இல்லை. அந்தச் செய்திதான் வண்ணாரப்பேட்டையில் இருந்த இசக்கிப்பாண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தது.

அவர் காரிலிருந்து இறங்கி நேராக இணை இயக்குநர் பாலகணேஷிடம் போனார்.

"எடே, கடல்ல விழுத ஷாட்ட நீ எடு."

பாலகணேஷ் ஹென்றியைப் பார்க்கவில்லை. பார்த்தால் முடியாது என்று அவனுக்குத் தெரியும். தரையைப் பார்த்தபடியே, உதவியாளர் ஒருவர் நீட்டிய மைக்கை வாங்கிக்கொண்டான்.

நாயகன் எழுந்து உட்கார்ந்தார். சட்டையில் ரத்தச் சாயம் காய்ந்து விறைத்திருந்தது. "நான் இங்க சாவணுமா, அங்க சாவணுமா? யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க."

யாரோ சிரித்தார்கள்.

ஹென்றியின் பிடிவாதத்துக்கு யூனிட்டில் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். விருது ஆசை என்றார் ஒளிப்பதிவாளர். தலைக்கனம் என்றார் மேனேஜர். தன் டாமினிக்கை இன்னொருவன் எடுத்துவிடக் கூடாது என்கிற பொறாமை என்று பாலகணேஷே நினைத்திருந்தான்.

ஹென்றி போய் இசக்கிப்பாண்டியின் முழங்கையைப் பிடித்தார். அவரை அப்படி யாரும் தொட்டு எவரும் பார்த்ததில்லை.

ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் பக்கம் கூட்டிப்போனார். அந்த இரைச்சலில் அவர் சொன்னது எதுவும் கேட்கவில்லை. உதடு அசைவது தெரிந்தது. ஒருமுறை தன் விலாவைத் தொட்டுக் காட்டினார்.

இசக்கிப்பாண்டி முதலில் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

இயந்திரம் நின்றது. அவர் கேட்டது மட்டும் எல்லோர் காதிலும் விழுந்தது.

"இப்ப எங்க இருக்கான்?"

"உங்க ஊர்ப் பக்கந்தான் அண்ணாச்சி. ஒரு உப்பளத்துல."

இசக்கிப்பாண்டி படகைப் பார்த்துப் போகச் சொல்லிக் கையசைத்தார். பாலகணேஷிடமிருந்து மைக்கை வாங்கி ஹென்றியிடம் கொடுத்தார். மானிட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

நாயகன் மறுபடி படுத்தார். மனைவியாக நடித்த அனிஷா குனிந்து அவர் கண்களை மூடினாள். கேமரா அந்த முகத்திலேயே நின்றது.

"கட்" என்றார் ஹென்றி.

"இன்னொண்ணு எடுங்க தம்பி" என்றார் இசக்கிப்பாண்டி. "முகம் இன்னும் நல்லாத் தெரியட்டும். ஒருத்தனுக்கும் சந்தேகம் வரப்பிடாது."

வெளிச்சம் போகிறவரை எடுத்தார்கள்.

முடிந்ததும் ஹென்றி வலைக் குவியலுக்குப் பின்னால் போய்ப் போனை எடுத்தார். தன் அண்ணன் ஃப்ரெடியைக் கூப்பிட்டார்.

ஃப்ரெடி துறைமுகத்தில் படகுகளைக் கரைக்கு இழுக்கும் வின்ச் ஓட்டியவர். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. டாமினிக்கின் நடையும் புருவத்துத் தழும்பும் அவருடையவை. கத்தியும் கொலைகளும் ஹென்றி சேர்த்தவை.

இரண்டாம் பாகம் வந்தபோது, நிஜ டாமினிக் இவர்தான் என்று யாரோ அவர் போட்டோவைப் பரப்பினார்கள். முதலில் செல்ஃபி எடுக்க வந்தார்கள். பிறகு, திருவொற்றியூரில் ஒரு டீக்கடை வாசலில், டாமினிக்கைச் சாய்த்தவன் என்று பெயர் வாங்க ஒருவன் அவர் விலாவில் கத்தியை இறக்கினான். ஃப்ரெடி பிழைத்தது டாக்டர்களுக்கே ஆச்சரியம். அடுத்து வேறு இருவர் அவர் வீட்டு விலாசம் விசாரித்துத் திரிந்தார்கள். அதன் பிறகுதான் ஹென்றி அவரை உப்பளத்துக்கு அனுப்பிவைத்தார்.

டாமினிக் செத்துவிட்டால் ஃப்ரெடியை விட்டுவிடுவார்கள் என்று ஹென்றி நம்பினார். வேறு எதை நம்புவதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணா, எடுத்தாச்சு" என்றார். "நீ செத்துட்ட."

மறுமுனையில் உப்பளத்துக் காற்று இரைந்தது. அதற்கு நடுவே ஃப்ரெடி கேட்டார்.

"அப்போ நான் வூட்டுக்கு வந்துரட்டாடா?"

ஹென்றி திரும்பிப் பார்த்தார். நாயகன் அதே சாயச் சட்டையோடு கேரவனுக்கு நடந்துகொண்டிருந்தார். கயிற்றுக்கு அப்பால் நின்ற கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது.

"டாமினிக்! டாமினிக்!"

ஹென்றி போனைக் கையால் பொத்திக்கொண்டார், அண்ணனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று.