முதலில் தேடும் இடம்

“அவ கைபட்டதுலேர்ந்துதான் இந்தக் கம்ப்யூட்டர் இப்படிக் கத்துது. இன்னிக்கே வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடப் போறேன், நாளையிலேர்ந்து அவ கடைக்கு வரவேண்டாம்னு!”

எம்பிராய்டரி கடையின் பெரியவள் பொரிந்து தள்ளினாள். ‘அவ’ என்றது கொழுந்தன் மனைவியை. சின்னவள் நூல் வாங்கப் போயிருந்தாள், அந்தத் தைரியம்.

பழுது பார்க்க வந்தவர் டிசைன் புரோகிராமைத் திறந்தார். ‘டொங்’ என்ற சத்தத்தோடு திரையில் ஓர் அறிவிப்பு எழுந்தது.

‘எஃப் டிரைவைப் படிக்க முடியவில்லை.’

மூட மூட வந்தது. கடைசியில், போனால் போகிறது என்று வழிவிட்டது.

“டிஸ்க் போச்சா தம்பி?”

“டிஸ்க் கல்லு மாதிரி இருக்கு மேடம். டிசைனை எங்கெங்க தேடணும்னு இதுல வரிசையா குறிச்சு வெச்சிருக்காங்க. முதல் இடம் எஃப். அங்க ஒண்ணுமே இல்ல. காலி பண்ணிட்டுப் போன வீட்டுக் கதவை இது தினமும் தட்டிக்கிட்டு நிக்குது.”

“குறிச்சது அவதான்! பெரிய கெட்டிக்காரின்னு நினைப்பு!”

“அங்க பென் டிரைவ் ஏதாவது செருகியிருந்ததா?”

பெரியவளின் குரல் கொஞ்சம் இறங்கியது. “எனக்கென்ன தெரியும்? எதுவா இருந்தாலும் அவளைத்தான் கேக்கணும்.”

“சரி விடுங்க. அந்த முதல் வரியை அழிச்சுட்டா சத்தம் போயிடும்.”

“ஐயோ, அழிக்காதீங்க!”

வாசலில் சின்னவள். நூல் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“அது அக்காவோட டிசைன் இருக்கற இடம். முதல்ல அதுல தேடணும், அதுல இல்லேன்னாதான் என்னோடதுக்கு வரணும்னு நான்தான் வெச்சேன். வர்றவங்க கண்ணுல முதல்ல அக்கா போட்ட பூதானே படணும்?”

“அப்ப அந்த பென் டிரைவ் எங்க?” என்றார் பழுது பார்க்க வந்தவர்.

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“காணோம். ஒரு வாரமா தேடறேன். எத்தனை வருஷத்து உழைப்பு! தொலைஞ்சுதுன்னு தெரிஞ்சா அக்கா மனசு உடைஞ்சுடுவாங்க. அதான், கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான்தான்னு வாங்கிக் கட்டிக்கிட்டு இருக்கேன். கிடைச்சதும் பேசாம செருகிடலாம்னு…”

பெரியவள் தன் கைப்பையைத் திறந்து பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“நீ என் டிசைனைச் சுட்டுக்கிட்டுத் தனிக்கடை போட்டுடுவியோன்னு நான்தான்டி கழட்டி வெச்சிருந்தேன்.”

“அப்பாடா! தொலையலையாக்கா?”

சின்னவளுக்கு அது மட்டும்தான் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

பழுது பார்க்க வந்தவர் அதைச் செருகினார். புரோகிராம் முணுமுணுக்காமல் திறந்துகொண்டது.

“தம்பி, அவளோடதை முதல் வரிக்கு ஏத்துங்க. என்னோடது ரெண்டாவதா இருக்கட்டும்.”

“ஏத்தலாம் மேடம். ஆனா ரெண்டாவதா இருந்தாலும், இதைக் கழட்டினா பழையபடி கத்தும்.”

பெரியவள் தன் பக்கத்தில் இருந்த ஸ்டூலைச் சின்னவளுக்கு இழுத்துப் போட்டாள்.

“இனிமே யாரு கழட்டப் போறா?”