கூடாரம் இருந்த இடம்

கோடை மேய்ச்சல் முடிந்து, மலையில் கம்பளிக் கூடாரத்தைப் பிரித்து ஊருக்கு இறங்கியபோது பெகிமாயின் காது கிழிந்த நாய் அக்தோஷ் தொலைந்துபோனது. அவள் வீட்டு வேலிக் கதவைச் சரிசெய்தாள். நாயால் மூக்கால் நெம்பத்தான் முடியும், இழுக்க முடியாது. அதனால் தூக்கி இழுத்தால் மட்டுமே திறக்கும் கொக்கியைப் போட்டாள். தோண்ட முடியாதபடி அடியில் கல் புதைத்தாள்.

"நாயே இல்ல, கொக்கி எதுக்குடி?" என்று சிரித்தான் கணவன் சமத்.

"வருவான். வந்தா மறுபடி போகக் கூடாது."

மறுநாள் காலை கொக்கி மாட்டியபடியே இருந்தது, கல்லும் அசையவில்லை. உள்ளே அக்தோஷ் வாலாட்டியது. "வந்துட்டான் பாருங்க!" என்று தெருவே கேட்கக் கூவினாள்.

மதியம் மந்தையோடு இறங்கிவந்த பக்கத்து வீட்டு எசென், உள்ளே இருந்த நாயைப் பார்த்ததும் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"உங்க கூடாரம் இருந்த வட்டத்த விட்டு உன் நாய் நகர மாட்டேங்குதும்மா. இன்னிக்கு விடியக்காலைகூட ரொட்டி போட்டுட்டுத்தான் வந்தேன்."

பெகிமாய் அக்தோஷின் கிழிந்த காதைத் தடவினாள். அதே காதுதான்.

"நல்லதுண்ணே. அங்கயும் காவல் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கொக்கியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.