முதல் இரண்டு வரிகள்

அவளுக்கு முதல் இரண்டு வரிகள் மறந்துபோயின.

பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த பதினான்கு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண் கேட்க வந்த இடம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், வயலோரத்தில் ஒரு மலாய் வீடு. கேட்பதைப் பந்துன் பாட்டில்தான் கேட்க வேண்டும் என்பது அந்த வீட்டு முறை. நான்கே வரி. முதல் இரண்டு வரி மழை, மரம், ஆறு என்று எங்கெங்கோ சுற்றும். பின்னிரண்டு வரிதான் வந்த காரியத்தைச் சொல்லும்.

சொல்ல வேண்டியவர் அவளுடைய அண்ணன். பதினைந்து நாளாக வீட்டில் உரக்கச் சொல்லிச் சொல்லிப் பழகினார். இன்று காலையில் எழுந்தபோது தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

"நீயே சொல்லிடு புள்ள," என்று காரில் வரும்போது கரகரத்தார். "உனக்குத் தெரியாத மலாயா?"

"கடையில பேசுற மலாய் வேற காக்கா. இது வேற," என்றாள் அண்ணனிடம்.

"நாலே வரி. எடுத்த எடுப்புல விஷயத்தப் போட்டு உடைச்சிடாத. சோத்துக்கடைன்னு நெனச்சுக்குவாங்க."

சோற்றுக்கடைதான். பினாங்கில் முப்பது வருஷமாக நடத்துகிறாள். வரிசையில் நிற்பவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மீனா, கோழியா என்று கேட்டே பழகிய வாய். மழையையும் மரத்தையும் பேச அந்த வாய்க்கு நேரம் இருந்ததில்லை.

எதிரே, சுவரில் சாய்ந்து, பெண்ணின் தகப்பனார் ஹம்டான்.

போன வருஷம் முடியாது என்று சொன்னவர். ஒரே மகள், நம் வழக்கம் தெரியாத வீட்டில் எப்படி இருப்பாள் என்று கேட்டவர். இல்யாஸ் விடவில்லை. அவளுடைய மகன், அப்படியே அவன் வாப்பாவின் பிடிவாதம். ஆறு மாதம் போய்ப் போய் நின்றான். முறைப்படி வந்து பேசட்டும், ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறேன் என்று ஹம்டான் இறங்கி வந்தார்.

ஒரே ஒரு தடவை.

அவருக்குப் பக்கத்தில் பெண்ணின் பெரியப்பா. எல்லாரும் பாக் லோங் என்று அழைக்கும் அந்தப் பெரியவர்தான் பெண் வீட்டுக்காகப் பேசுகிறவர். காற்று தள்ளிக்கொண்டு வந்ததா, கால் தேடிக்கொண்டு வந்ததா என்று நான்கு வரியில் அழகாகக் கேட்டு முடித்துவிட்டு, மீசையைத் தடவியபடி காத்திருந்தார்.

பதில் அவள் சொல்ல வேண்டும்.

அண்ணன் தொடைக்குப் பக்கத்தில் விரல்களை மேலிருந்து கீழே ஆட்டிக் காட்டினார். மழையாம். அவளுக்கு அது மழையாகத் தெரியவில்லை. மெதுவாகச் சொல், மெதுவாகச் சொல் என்கிறார் என்று நினைத்தாள்.

எதை?

முக்காட்டுக்குள் வியர்வை கோடாக இறங்கியது. யாரோ ஒரு கோப்பையைத் தட்டில் வைத்தார்கள். அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உங்கள் வீட்டு மல்லிகைக் கொடிக்கு
எங்கள் வீட்டில் பந்தல் போட்டோம்."

அவ்வளவுதான்.

பின்னிரண்டு வரி. தலையில்லாமல்.

அண்ணன் கண்களை மூடிக்கொண்டார்.

பெண்கள் பக்கத்தில் இருவர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஹம்டான் தன் உள்ளங்கையைப் பார்த்தார். அதைத் திருப்பிப் புறங்கையைப் பார்த்தார்.

எழுந்துவிடுவார். இப்போது எழுந்துவிடுவார். மாப்பிள்ளை வரக்கூடாத சடங்கு என்பதால் இல்யாஸ் பினாங்கில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனிடம் என்ன சொல்வது? உன் உம்மாவுக்கு மழை மறந்துபோச்சு என்றா?

பாக் லோங் தலையைச் சாய்த்தார்.

"பாதிதான் வந்திருக்கு. மீதி பினாங்குப் பாலத்து நெரிசல்ல மாட்டிக்கிச்சோ?"

ஒருவன் களுக்கென்று சிரித்து, ஹம்டானின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

அவள் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். கால் மரத்திருந்தது.

அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய குரல், ஆனால் தடுமாறாத குரல்.

"துடுப்பில்லாத தோணி வந்தது துறைக்கு,
தூக்கிக் கரையில் ஏற்றி வைத்தோம்."

பெண்ணின் குரல்.

பெண் பேச்சு நடக்கும்போது பெண் வாய் திறப்பது அந்த வீட்டில் இதுவரை நடந்ததில்லை.

"இது நம்ம வரி இல்லையே," என்று அண்ணன் தங்கையின் காதில் காற்றாக ஊதினார்.

இல்லைதான். ஆனாலும் அவள் மனதுக்குள் சேர்த்துப் பார்த்தாள். துறைக்கு, கொடிக்கு. வைத்தோம், போட்டோம். நான்கு வரியும் ஒரே ஆள் சொன்னதுபோல் உட்கார்ந்தன.

தோணி யார் என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் கண் கலங்கிவிடுமோ என்று பயந்தாள்.

பாக் லோங் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"நம்ம ஆள் ஒருத்தி அந்தப் பக்கம் போயிட்டா, தம்பி."

ஹம்டான் சிரிக்கவில்லை. எழுந்தார்.

மகளை அதட்டப் போகிறார். அல்லது வாசலைக் காட்டப் போகிறார்.

அவர் திரைப் பக்கம் போகவில்லை. வாசல் பக்கமும் போகவில்லை. பாயைக் கடந்து வந்து, அவளுக்கு நேரே, முழங்கால் படுகிற தூரத்தில் உட்கார்ந்தார். உதடு இரண்டு முறை அசைந்து நின்றது.

நான்கு வரி வரப்போகிறது. திருப்பிச் சொல்ல அவளிடம் ஒரு வரிகூடக் கிடையாது.

அவர் பந்துன் சொல்லவில்லை.

"இடி இடிச்சா அவ ரொம்பப் பயப்படுவா," என்றார். "தனியா விட்டுடாதீங்க."