அடிக்கு ஒரு உயிர்

உள்ளே மகளின் நெஞ்சைத் திறந்து வைத்திருக்கிறார்கள். வெளியே ஒரு ஆள் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறார்.

மஹ்பூபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆள் வேறு யாரும் இல்லை. காலையில் மகள் முபஷ்ஷிராவை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போன அதே அட்டெண்டர் தேவசகாயம். வேலூர் ஆஸ்பத்திரியில் அவர் வருவதற்கு அரை நிமிஷம் முன்னாலேயே அவர் மீசை வந்து சேர்ந்துவிடும், அப்படியொரு மீசை. இப்போது லிப்ட் பக்கத்துப் பெஞ்சில், நாக்கைத் துருத்திக்கொண்டு, இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கு அமுக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தார்.

கிட்டே போனாள். கையிலிருந்த கேம் பெட்டியின் முதுகில் நட்சத்திர ஸ்டிக்கர். திக்கென்றது.

முபஷ்ஷிராவின் கேம்! ஷூ கம்பெனி சாம்பிளோடு ஹாங்காங் போன மாமா ஃபஹீம் வாங்கி வந்தது. காலையில் கம்மல், கொலுசு, தாயத்து எல்லாவற்றையும் கழற்றிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். இது மட்டும் அதில் இல்லை. வார்டில் கிடக்கும் என்றிருந்தாள்.

"இது எம் பொண்ணுது. உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"ஒரு நிமிஷம்மா." தலை நிமிரவில்லை. "விஷம் ஏறிக்கினே இருக்குது. உயிர் இன்னும் ஒம்பதுதான் பாக்கி."

ஒன்பது வயதுப் பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு நாலு மணி நேரமாக நிற்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது?

"இந்த எடத்துல உயிரு கியிருன்னு வாயத் தொறந்தீங்க..."

"எட்டு" என்றார் அவர்.

நேராக தியேட்டர் சிஸ்டர் ஆரோக்கியமேரியிடம் ஓடினாள்.

"சிஸ்டர்! எம் பொண்ணு பொருளத் திருடி வெச்சிக்கினு உங்க ஆளு ஆட்டம் போடறாரு!"

சிஸ்டர் வந்தார். "இன்னா இது தேவசகாயம், டூட்டில?"

"சாப்பாட்டு நேரம் சிஸ்டர்."

"சாப்ட்டாச்சா?"

"இல்ல சிஸ்டர். கரை தெரியுது. நாலே அடி. அலைதான் பின்னாடி தள்ளிக்கினே இருக்குது."

"அந்தப் பெட்டி உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

தேவசகாயம் வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

"அதச் சொல்றதுக்கில்ல சிஸ்டர்."

"பாத்தீங்களா, முழியே சரியில்ல!" மஹ்பூபி பெட்டியை வெடுக்கென்று பிடுங்கி ஸ்விட்சைத் தள்ளினாள். திரை அணைந்தது.

அந்த மீசை இரண்டு பக்கமும் தொங்கிப் போனது.

"அணைச்சிட்டீங்களாம்மா..."

சாயங்காலமே அவருக்கு மெமோ வந்தது. தியேட்டர் வேலை போய், அழுக்குத் துணி பொறுக்கும் வேலை. கேள்விப்பட்டபோது மஹ்பூபிக்கு, வேண்டியதுதான் என்றிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மதியம் ஐ.சி.யு.வில் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். "அழ விடாதீங்க, தையல் இழுக்கும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் நகர்ந்தார்.

முபஷ்ஷிரா கண்ணைத் திறந்தாள். முதல் பேச்சே இதுதான்:

"மீசை அங்கிள் எங்கம்மா? சுல்தானக் கரைக்குக் கொண்டு போய்ட்டாரா?"

"யாரு கண்ணு சுல்தான்?"

விட்டு விட்டுச் சொன்னாள் குழந்தை. சுல்தான், கேமில் வரும் ஒரு கடல் ஜந்து. முண்டாசு கட்டினாற்போல் தலை, பதினாறு கால், ஒவ்வொரு கால் நுனியிலும் விஷம். நாலு மாசம் தேடியும் அகப்படாதது, நேற்றுக் காலை தள்ளுவண்டியில் போர்வைக்குள் வைத்து ஆடும்போது சிக்கியிருக்கிறது. ஆனால் கரை சேர்த்தால்தான் அது நம்முடையது. நடுவில் அணைத்தால் கடலோடு போச்சு. அதைத் தூக்கிச் சுமக்கிறவனுக்கோ, விஷம் ஏறி, அடிக்கு ஒரு உயிர் குறையும்.

"நீதான் ஆபரேஷன் அன்னிக்கு அந்தச் சனியனத் தொடாதேன்னு சொன்னியே. அதான் அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு பிராமிஸ் வாங்கிக்கினு அங்கிள்கிட்ட குடுத்தேன். எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சும்மா. நான் கண்ணு முழிக்கிறப்போ சுல்தான் கரையில இருக்கும்னாரு. அப்புறம் பயமே வரல."

மஹ்பூபி குனிந்து போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"சொல்லும்மா. கரைக்குப் போச்சா?"

"அது வந்து கண்ணு... நான்..."

"போகல பாப்பா."

கதவருகே தேவசகாயம். தோளில் அழுக்குத் துணி மூட்டை.

"நாலே அடிதான் பாக்கி. இந்தப் பாழாப்போன கட்டைவிரலு ஸ்விட்சுல பட்டுத் தொலைச்சிடுச்சு. அணைஞ்சி போச்சு."

முபஷ்ஷிராவின் உதடு பிதுங்கியது. நல்லவேளை, அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"உங்களப் போய் நம்பினேன் பாருங்க! போங்க, இனிமே உங்ககூட டூ!" அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் மூட்டையோடு நடந்தார். பிடியை மெல்ல விலக்கிக்கொண்டு மஹ்பூபி பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணே, பாவம் பண்ணது நான். நீங்க எதுக்கு... இப்பவே போய் உண்மையச் சொல்லிடறேன்."

"பாப்பா எழுந்து நடக்கட்டும், அப்புறமா சொல்லுங்க. இப்ப அதுக்குப் புடிச்சிக்க உங்க கை வேணும். கோவிச்சிக்க நான் ஒருத்தன் போதும்."

தேவசகாயம் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார். தொங்கியிருந்த மீசை லேசாக நிமிர்ந்தது.

"அடிக்கு ஒரு உயிர்தானேம்மா? எங்கிட்ட ஜாஸ்தியாவே இருக்குது."