கடைசிப் பந்தி

ஒரு ஞாயிறு மதியம், ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் கணினி சர்வர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பராமரிப்புக்காக நின்று, தொலைபேசிகள் ஊமையாயின. அதன்பிறகு, அங்கே பொறுப்பிலிருந்த பூரணி சர்வர்களின் பராமரிப்புக்கு முறை வைத்தாள். கல்யாண வீட்டில் எல்லோரும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டால் யார் பரிமாறுவது? ஒன்று நிற்கும்போது மற்றவை அதன் வேலையைப் பார்க்கும். பெரும்பாலும் பார்த்தது மூலையிலிருந்த கிழட்டுச் சர்வர்தான். அதனாலேயே அதற்குக் கடைசிப் பந்தி. ஆனால் அதன் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும்; அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவாள். இன்று அதன் பக்கவாட்டில் கை வைத்துச் சூடு பார்த்தவளுக்கு மனசு கேட்கவில்லை.

“இன்னிக்கு இதுதான் முதல்ல,” என்றாள்.

“மத்ததெல்லாம் தாங்குமாக்கா?” என்றான் உடன் வேலை பார்க்கும் இருதயராஜ்.

“இத்தனை நாள் இது தாங்கலையா?”

அதை நிறுத்தினாள். அறையில் ஓர் இரைச்சல் அடங்கியது. அப்படியொன்று இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. மற்றவற்றின் விளக்குகள் கொஞ்சம் படபடத்துவிட்டு நிதானத்துக்கு வந்தன.

எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிட்டு, கடைசியில் ஆறிப்போன சோற்றை அவசரமாக விழுங்குவது பூரணியின் வழக்கம். இன்று இருதயராஜ் அவளுடைய டிபன் பாக்ஸைத் திறந்து எதிர்மேசையில் வைத்தான். “எந்திரிங்கக்கா. நான் பாத்துக்கிறேன்,” என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். முதல் கவளம் வாய்க்குப் போகுமுன் அவள் மேசைத் தொலைபேசி அடித்தது. சோற்றுக் கையோடு பாதி எழுந்துவிட்டாள். அவன் அதற்குள் எடுத்துப் பேச ஆரம்பித்திருந்தான். திரும்பிப் பார்க்காமலே இடது கையை மட்டும் அவள் பக்கம் நீட்டி, மெல்லத் தாழ்த்தினான்.